அழுகை நின்ற குழந்தை

நான்கு நாள் பெண் குழந்தை ஒன்றின் உயிருக்கு அன்று காலை சொல்லப்பட்ட விலை, அதன் அப்பனுடைய ஒரு கையெழுத்து. அந்த விலைக்கு ராயபுரத்தில் ஒரு கூறு நெத்திலிகூடக் கிடைக்காது. ஆனால் எத்திராஜ் காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவர். முதலில் சொன்ன விலைக்குத் தலையாட்டியவர் அவர் பரம்பரையிலேயே யாரும் இல்லை.

கையெழுத்து வாங்கி வரும்படி அனுப்பப்பட்டவள் கார்குழலி. வியாசர்பாடிக்காரி, இறுதியாண்டு மருத்துவ மாணவி. குழந்தைகள் அறுவைப் பிரிவுப் போஸ்டிங்கில் அது அவளுக்கு இரண்டாம் நாள். அங்கே என்ன எதிர்பார்க்கலாம் என்பதை முதல் நாளே பட்டமேற்படிப்பு மருத்துவர் செல்லக்கனி சொல்லியிருந்தாள். விடியுமுன் வர வேண்டும், கால் கடுக்க நிற்க வேண்டும், மேஜையில் சர்ஜனின் முழங்கையைத் தவிர ஒன்றும் தெரியாது, மாணவிக்குக் கிடைப்பது ரத்தம் ஒற்றும் காஸ் துணிகளை எண்ணுகிற வேலை. பிறகு போகிற போக்கில் இதையும் சொன்னாள்: பச்சையாக வாந்தி எடுக்கிற குழந்தைக்குக் குடல் முறுக்கியிருக்கலாம், நேரே ஆபரேஷன் தியேட்டர்.

இந்தக் குழந்தை விடியற்காலையிலிருந்து கிளிப்பச்சையாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. தாய் ரேகா பிரசவமான இடத்திலேயே, எண்ணூரில், சிசேரியன் தையலோடு படுத்திருந்தாள். ஆட்டோவில் தூக்கி வந்தவர் எத்திராஜ். சர்ஜன் சௌக்கத் அலி ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: குடல் முறுக்கி ரத்த ஓட்டம் அடைபடுகிறது, இப்போதே திறந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு.

ஏலத்தில் எத்திராஜுக்கு ஒரு முறை உண்டு. சரக்கின்மேல் கண் இருந்தாலும் காட்டிக்கொள்ள மாட்டார். கடலைப் பார்ப்பார், டீ குடிக்கப் போவார். வெயில் ஏறும், ஐஸ் உருகும், விற்கிறவன் தானாக இறங்கி வருவான். அந்த முறையில்தான் வீடு கட்டினார், போட்டில் பங்கும் வாங்கினார்.

"இன்னா டாக்டரம்மா, எடுத்த எடுப்புல வயித்த அறுக்கணும்ன்றீங்கோ. பூ மாரி கீது புள்ள. மருந்து இன்னா கீதோ அத மொதல்ல குடுத்துப் பாருங்க."

கார்குழலி கெஞ்சினாள். அவள் கெஞ்சக் கெஞ்ச, விற்கிறவர்களுக்குத்தான் அவசரம் என்று அவருக்கு உறுதியானது. சௌக்கத் அலியே இறங்கி வந்து சத்தம் போட்டார். சர்ஜனே வாசலுக்கு வந்துவிட்டார் என்றால் பேரம் படியப்போகிறது என்று பொருள். மச்சானைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எத்திராஜ் டீக்கடைக்கு நடந்தார்.

திரும்பி வந்து கண்ணாடிக் கதவோரம் நின்று, புள்ள எப்படி கீது என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்க்கக் கார்குழலிக்குப் பாவமாக இருந்தது. கையில் இருந்த ஒரே நல்ல செய்தியைக் கொடுத்தாள்.

"அழுகை நின்னுடுச்சுண்ணா. அமைதியா கீது."

"பாத்தியா?" என்றார் எத்திராஜ். விலை இறங்கத் தொடங்கிவிட்டது. இன்னொரு டீக்குப் போனார்.

அதே செய்தியை அவள் செல்லக்கனியிடமும் சொன்னாள். செல்லக்கனி குழந்தையிடம் ஓடினாள். குழந்தையின் வயிறு மேளத்தோல்போல் விறைத்து நீலம் பாய்ந்திருந்தது.

"இந்த வார்டுல அழுவுற புள்ளைக்குப் பயப்படாத," என்றாள் பிறகு. "நிறுத்துனா பயப்படு."

சௌக்கத் அலி இரண்டாம் முறை வாசலுக்கு வந்தபோது சத்தம் போடவில்லை. இப்போது வாய்ப்பு சொற்பம், பார்க்கலாம் என்றார். விலை இறங்கித்தான் இருந்தது. ஆனால் அந்த முகத்தில் விற்கிற அவசரம் இல்லை. எத்திராஜ் அதைப் பார்த்துத்தான் பயந்தார். பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

திறந்தபோது குடல் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கறுத்திருந்தது. சௌக்கத் அலி முறுக்கைப் பிரித்தார், வெந்நீரில் நனைத்த துணியால் மூடிக் காத்திருந்தார். நிறம் திரும்பவில்லை. கறுத்ததை எல்லாம் எடுத்தால் மிச்சம் ஒன்றும் இல்லை. எதையும் எடுக்காமல் மூடிவிட முடிவு செய்தார். குழந்தை ராத்திரி தாண்டாது என்றார்.

"அப்பாகிட்ட நான் சொல்றேன். நீயும் கூட வாம்மா. இதுவும் சேத்துத்தான் போஸ்டிங்," என்றார் கார்குழலியிடம்.

வெளியே எத்திராஜ் போனில் ரேகாவிடம், ஆப்ரேசன் நடந்துகினு கீது, பொழச்சிக்கும் என்று சொல்வது கதவைத் தாண்டிக் கேட்டது.

வயிற்றை மூடும் முன், உள்ளே ஏதும் தங்கிவிடாமல் இருக்க, தியேட்டர் சிஸ்டர் ஞானம் காஸ் கணக்குக் கேட்டார். கார்குழலி ரத்தத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினாள். நடுவில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

உள்ளே போனது இருபது. வெளியே வந்தது இருபது. கணக்கு சரி.