செவ்வாய்க்கிழமைக் குடும்பம்

கிறேஸுக்கு ஐம்பது தாண்டியும் கலியாணம் நடக்கேல்லை. தாய் தகப்பனைப் பார்த்து முடிக்கவே காலம் போயிட்டுது. இப்ப பேசாலைக் கடற்கரை வீட்டில அவவும் றேடியோவும்தான். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில மட்டும் அவவுக்கு ஒரு புருசனும் ரெண்டு பிள்ளைகளும் இருந்தினம்.

பகிடி இல்லை, உண்மைதான். மன்னாரில இளம் டொக்டர்மார் கைப்பழக்கம் எடுக்க ஒரு பயிற்சிக்கூடம் இருக்கு. கட்டில், திரைச்சீலை எல்லாம் ஆசுபத்திரி மாதிரியே. நோயாளி மட்டும் நடிப்பு. தவக்காலத்துத் திருப்பாடுகளின் நாடகத்தில கிறேஸ் அழுத அழுகையைப் பார்த்த, அங்க படிப்பிக்கிற டொக்டர் ஜெயனிதான் ஆளைப் பிடிச்சது. செவ்வாய்க்குச் செவ்வாய் தோள்மூட்டு விலகின ஆளாக் கிடக்கவேணும். கையில ஒரு றப்பர்த் தோலைக் கட்டிவிடுவினம். பழக வாற டொக்டர் நாலு கேள்வி கேட்டுப்போட்டு, அந்த றப்பரில மயக்க ஊசி போடுவார்.

வீட்டில ஆர் ஆர் எண்டு கேட்டால் புருசனும் ரெண்டு பிள்ளைகளும் எண்டு சொல்லச் சொன்னது ஜெயனி. பேர் வைச்சது கிறேஸ். புருசன் சந்தியோகு, வாயில்லாப் பூச்சி. மகன் றொசாந்தன் மீன் தொடமாட்டான். பேசாலையில பிறந்து மீன் தின்னாத பிள்ளையை என்னதான் செய்யிறது! மகள் கிருஷிகா படிப்பில கெட்டிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். ஒருநாள் சந்தையில, மகளுக்குப் பிடிக்காதே எண்டு வெண்டிக்காயைத் திருப்பி வைச்சிட்டு, பிறகு வெக்கத்தில கிறேஸுக்கு முகம் சிவந்து போச்சு. அவவுக்கு விசரில்லை. அந்த மூண்டு பேரையும் வாயால சொல்லத்தான் கிழமை முழுக்கக் காத்திருந்தா.

டொக்டர்மாரைக் குறை சொல்லக்கூடாது, பாவங்கள், இப்பத்தான் ஊசி பிடிச்சுப் பழகிற ஆக்கள். கேப்பினம், பதில் முடிய முதலே ஊசியைத் தேடுவினம். சந்தியோகுவோட கதை நிண்டுபோகும், பிள்ளைகளுக்கு முறை வராது.

அந்தச் செவ்வாய் வந்தவர் றமீஸ் எண்டு முசலிப் பக்கத்து இளந்தாரி. ஊசியைத் தட்டிலயே விட்டிட்டு, கதிரையைக் கட்டிலுக்குப் பக்கத்தில இழுத்துப்போட்டு இருந்தார்.

"அம்மா, ஊசி போட்டால் கொஞ்சநேரம் தலை சுத்தும். வீட்டை கூட்டிக்கொண்டு போக ஆர் வருவினம்?"

கேட்டுப்போட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமே படேல்லை.

சந்தியோகு வருவார் எண்டு சொல்லத்தான் கிறேஸ் வாயெடுத்தா. இப்படிக் காத்துக்கொண்டிருக்கிற மனிசனுக்குப் பொய் சொல்ல மனசு வரேல்லை.

"ஒருத்தரும் இல்லைத் தம்பி."

றமீஸ் ஊசியைத் தொடேல்லை. துணையில்லாத ஆளை மயக்கி அனுப்ப ஏலாது, ஆசுபத்திரி வாட்டில வைச்சுப் பார்க்கவேணும் எண்டு நிப்பாட்டிப்போட்டார். கண்ணாடிச் சுவருக்கு அங்கால நிண்டு பார்த்துக்கொண்டிருந்த ஜெயனிக்குச் சந்தோசம் தாங்கேலாமல் போச்சு. ஓடிவந்து, என்ன அருமையான யோசனை அக்கா, இனி வாற எல்லாருக்கும் இதையே சொல்லுங்கோ, அப்பத்தான் ஆர் கவனிக்கினம் எண்டு பிடிபடும் எண்டா.

கிறேஸ் கையில கட்டியிருந்த றப்பரைத் தடவிக்கொண்டு மெல்லக் கேட்டா.

"மகளை எண்டாலும் வைச்சிருக்கட்டே, டொக்டர்?"

ஜெயனி பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சா. "வேண்டாம் அக்கா. ஒருத்தரும் இல்லாட்டித்தான் பாடம் சரியா வரும்."

அடுத்த டொக்டர் வந்தா. வீட்டில ஆர் இருக்கினம் எண்டு கேட்டா. ஒருத்தரும் இல்லை எண்டு கிறேஸ் சொன்னா. சரி எண்டிட்டு, அந்த டொக்டர்ப் பிள்ளை ஊசியை எடுத்தா.