சவுந்தரநாயகத்தின் கடைசி முகம்

ஒரு படம் முடிந்தால் நடிகர் சவுந்தரநாயகத்துக்கு அந்தப் பாத்திரத்தின் முகம் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு அப்படியே நின்றுவிடும். 1979இல் மீன் வியாபாரியாக நடித்தபோது அது முதலில் நடந்தது. சவர்க்காரம் போட்டும் தேங்காயெண்ணெய் தேய்த்தும் போகாத முகம், பதினோராம் நாள் காலையில் தானாகப் போய்ச் சொந்த முகம் வந்தது. பிறகு கொழும்பு கொட்டாஞ்சேனையில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தபால்காரராகவும் குடிகாரராகவும் பாதிரியாராகவும் வந்தவருக்கு மனைவி ஐறீன் சோறு போட்டாள். பாதிரியார் முகம் இருந்த நாட்களில் மட்டும் தனியாகப் படுத்தாள். படங்களுக்கு நடுவே அவர் வானொலி நாடகம் எழுதினார், பாட்டுக்கு மெட்டுப் போட்டார், தியேட்டர்களுக்குப் பனர் வரைந்தார், பெரிய வெள்ளிக்கு இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகம் இயக்கினார். எண்பத்து மூன்று கலவரத்தில் வீடு எரிந்தது. இலங்கைத் தமிழ்ப் படங்களும் நின்றுபோயின. அவர் சிங்களப் படங்களில் நடித்தார்.

1996இல் ஒரு படத்தில் இராணுவ மேஜராக நடித்து முடித்த மறுநாள், வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஐறீனின் தம்பி கிளறன்ஸைப் பொலிஸ் புலி என்ற சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனது. ஐறீன் மூன்று நாள் ஸ்டேசன் வாசலில் நின்றாள். நான்காம் நாள் கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த முகத்தோட போங்கோவன்."

"பிடிபட்டா?"

"போகாட்டி அவன் வரமாட்டான்."

படத்துக்குத் தைத்த சீருடையோடு போனார். வாசலில் நின்றவன் சல்யூட் அடித்தான். உள்ளே போய்ச் சிங்களத்தில் ஒரே வசனம் சொன்னார். அது படத்தில் பேசியதுதான். இருபது நிமிடத்தில் கிளறன்ஸைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு கண் வீங்கியிருந்தது. அவனை அடைத்திருந்த அறையில் இன்னும் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவுமில்லை.

முச்சக்கர வண்டியில் கிளறன்ஸ் ஓரமாக ஒடுங்கி இருந்தான்.

"டேய், நான் அத்தான்டா."

"ஓம் சேர்," என்றான் அவன்.

பன்னிரண்டு நாட்கள் போயின, நாற்பதும் போயின, முகம் போகவில்லை. அடுத்த படத்தில் கோமாளியாக நடித்துப் பார்த்தார். அந்த முகம் ஒட்டவில்லை. கிளறன்ஸ் அவர் இருக்கும் நேரத்தில் சாப்பிடாமலே ஆறு மாதம் இருந்துவிட்டுப் பிரான்ஸுக்குப் போனான். கடிதங்களில் அக்காவை மட்டும் சுகம் விசாரித்தான். சவுந்தரநாயகம் தன் பழைய முகத்தை வரையப் பார்த்தார். கலியாணப் போட்டோ வீட்டோடு எரிந்திருந்தது. மிச்சமிருந்த போட்டோக்களில் மீன் வியாபாரியும் தபால்காரரும்தான் இருந்தார்கள். ஏழு தடவை வரைந்தார். காதுகள் மட்டும் வந்தன, மற்றது நினைவில் இல்லை.

"என்ர மூக்கு எப்பிடி இருந்தது, ஐறீன்?"

அவள் கனநேரம் யோசித்தாள். "விடுங்கோ. தேத்தண்ணி ஆறுது."

அவர் அதற்குமேல் வரையவில்லை. இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போனார்கள். வழியில் சோதனைச் சாவடி இருந்தது. ஆமிக்காரர்கள் அவருக்குச் சல்யூட் அடித்தார்கள். அவர் லேசாகக் கையை உயர்த்திவிட்டு நடந்தார். பின்னால் வந்த ஐறீன் வரிசையில் நின்று அடையாள அட்டையை நீட்டினாள்.