நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்

'அவருக்காக நடப்போம்' என்று பனியனில் அச்சடித்துக்கொண்டு நற்பணி மன்றத்தார் தெருவை அடைத்து நடந்தபோது, அந்த 'அவர்' நான்காவது மாடி ஜன்னலில் உட்கார்ந்து கையாட்டினார். ஆட்டச் சொல்லியிருந்தார்கள். முடிதிருத்துபவர். வேலைக்குப் போகும் வழியில் வண்டி மோதி இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனதிலிருந்து அவருக்கு உலகம் அந்த ஜன்னல் அளவுதான். லிஃப்ட் இல்லாத கட்டடம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அக்கம்பக்கத்தார் தூக்கி ஏற்றினார்கள். அவர்களில் இருவர் இன்றைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வணக்கம் சொல்கிறார்கள்.

நடையில் பணம் சேர்ந்தது. கடைகளில் அவர் படம் ஒட்டி வைத்த உண்டியல்களிலும் தாராளமாக விழுந்தது. படியில் தானே ஏறி இறங்கும் சக்கர நாற்காலி ஒன்றை வாங்கி, அதன் முதுகில் டைல்ஸ் வியாபாரியான தலைவரின் பெயரை, உட்காருகிறவர் முதுகைவிட அகலமாக எழுதினார்கள். பிறகு செயலாளர் மாடியேறி வந்து, மூச்சு வாங்கி, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை விழா. நேர்ல வந்து வாங்கிக்கணும்."

"எதுல வர்றது சார்?"

"அது உங்க வசதி."

"வசதி இருந்தா அந்த நாற்காலி எதுக்குங்க?" என்றாள் அவர் மனைவி.

செயலாளர் கோபப்படவில்லை. நெடுநாளாகத் தர்மம் செய்கிறவர். கேள்வி கேட்கும் ஏழைகள் அவருக்குப் புதிதல்ல. "விதிம்மா. மேடையில குடுத்தாத்தான் குடுத்த மாதிரி. போன வருஷம் ஒரு மூக்குக்கண்ணாடிய வீட்டுலயே குடுத்துட்டு, போட்டோ இல்லாம நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

அவர் வேலை பார்த்த சலூனுக்கு மனைவியின் தம்பிதான் முதலாளி. அவனும் போனில் அவசரப்படுத்தினான். "மாமா, ஒண்ணாம் தேதிக்குள்ள வந்துருங்க. உங்க இடத்துக்கு ஆள் நச்சரிக்கிறான். நானும் எத்தனை நாள் சும்மா வெச்சிருக்கிறது?"

ஆகவே இறங்கியே தீரவேண்டும். மன்றமும் இரங்கி, 'இறக்கும் துணைக்குழு' என்று நால்வரை நியமித்தது. நால்வருமே தலைமை தாங்கினார்கள்.

"இடது பக்கம் தூக்குங்க!"

"யாரோட இடது?"

"பயனாளியோட இடது!"

"பயனாளி, கொஞ்சம் ஆடாம இருங்க!"

இரண்டாவது மாடித் திருப்பத்தில், அவரை உட்கார வைத்துத் தூக்கிவந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால் முறிந்தது. மீதி தூரம் அவர் போர்வையில் சுருண்டு, மாவு மூட்டைபோல இறங்கினார். எதிரிலிருந்த மன்றக் கூடத்தில், தரையில் கிடத்தினால் படத்தில் விழமாட்டார் என்பதால், தலைவருடைய சுழல் நாற்காலியை மேடைக்கு உருட்டி வந்து அதில் உட்கார வைத்தார்கள்.

தலைவர் மனிதநேயத்தைப் பற்றிப் பேசினார். பேச்சு முடியவில்லை, மைக் சூடாகிக் கத்தியதால் நின்றது. சக்கர நாற்காலியின் சாவியைக் கொடுக்கப் போன நேரத்தில் பொருளாளர் அவர் காதைக் கடித்தார்.

"இந்தத் திட்டம் வீட்டை விட்டு வெளிய வர முடியாதவங்களுக்குத்தான் தலைவரே. இவர்தான் வந்துட்டாரே."

"அட, ஆமா." தலைவர் அவரை ஒருமுறை பார்த்தார், ஏமாற்றப்பட்டவர்போல. "தணிக்கையில மாட்டிக்குவோமோ?"

"குடுத்தா மாட்டிக்குவோம். இவர் வெளிய வந்ததுக்கு, நாம நாலு பேர் போட்டு இறக்கின படமே சாட்சியா இருக்கு."

படம் மட்டும் எடுத்துக்கொண்டு, உரிய பயனாளி கிடைக்கும்வரை சக்கர நாற்காலியைக் கிடங்கில் பூட்டினார்கள்.

"சரி சார், என்னைய மேல கொண்டு போய் விட்டுருங்க" என்றார் அவர்.

செயலாளர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இறக்கத்தான் குழு போட்டோம். ஏத்துறதுக்குப் போடலையே. அடுத்த பொதுக்குழுவுல வெக்கிறேன்." நால்வரில் மூவர் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தார்கள். நாலாமவர் தைலம் தேடிப் போயிருந்தார்.

கூடம் காலியானது. மனைவி எதிர்க் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். "என்னங்க பண்றது இப்போ?"

அவர் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் சக்கரங்களைப் பார்த்தார். "உன் தம்பி கடை பக்கத்துத் தெருதானே? தள்ளு."

தெருவில் அவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது, உண்டியல் முகம். வசூல் என்று நினைத்து இரண்டு பேர் மடியில் காசு போட்டார்கள். ஒருவர் ரசீது கேட்டார்.

கடையில் மச்சினன் வாயைத் திறந்தபடி நின்றான். "யார் நாற்காலி மாமா இது?"

"அப்புறம் சொல்றேன். சீப்பை எடு."

வாடிக்கையாளரின் இருக்கையைத் தாழ்த்திக்கொண்டு, இவர் சுற்றிச் சுற்றி உருண்டு வெட்டினார். முதல் தலைக்கு நேரம் பிடித்தது, இரண்டாவதற்கு இல்லை. நாற்காலியைக் கேட்டுச் செயலாளர் வந்தார். உள்ளே ஒருவர் கழுத்தில் கத்தி ஓடுவதைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார்.

கடை சாத்தும் நேரம். தலையணையைக் கொண்டுவந்து பெஞ்சில் போட்டாள் மனைவி. மாடி வீட்டில் அடுப்பையும் துணிமணியையும் பார்க்க அவள் போகவேண்டும். இனி இவர் இங்கே, அவள் அங்கே.

"மாமா, ஷட்டரை வெளியிலிருந்துதான் பூட்ட முடியும்" என்றான் மச்சினன், எங்கோ பார்த்துக்கொண்டு.

கடைக்கு ஜன்னல் கிடையாது. மூன்று சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரேதான்.

"கொஞ்சம் விட்டு இறக்கு" என்றார்.

ஷட்டர் முழங்கால் உயரத்தில் நின்றது. கீழே தெரிந்த இடைவெளியில் மனைவியின் கால்கள் சற்று நேரம் நின்றன. பிறகு நடந்தன. அவை தெருமுனையில் திரும்பும்வரை, தலையைச் சாய்த்து அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார்.