பதினாலு சிக்ஸர் கேக்

மிதுஷனின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு ஜெர்மனியின் டோர்ட்முண்டில் மண்டபம் எடுத்தது அவன் அப்பா புவனேந்திரன்தான். மகன் பேஸ்பால் லீக்கில் ஆடிய முதல் சீசனையும் சேர்த்துக் கொண்டாடுகிறாராம். கேக்கின் மேல் பச்சை ஐசிங்கில் மைதானம், நடுவில் மிதுஷனின் முகம், அதன் கீழே பொன்னெழுத்தில் ‘14 சிக்ஸர்’.

கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர். கிளப்பின் இணையப் பக்கத்தில் மகனின் பெயருக்கு நேரே ‘ஹோம் ரன் 14’ என்று கண்டதும், எல்லாம் அவன் எல்லைக்கு வெளியே அடித்தவை என்று முடிவு கட்டிவிட்டார். மிதுஷனோ பந்து எறிபவன், மட்டையையே தொடாதவன். அந்தப் பதினாலும் அவன் எறிந்து மற்றவர்கள் வெளுத்து வாங்கியவை. லீக்கில் அவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டவன் வேறு எவனும் இல்லை.

ஏன் சொல்லவில்லை? சொல்லப் போன அன்றுதான் அப்பா தொலைபேசியில் யாரிடமோ, “என்ர பெடியன்” என்று மகனைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். பிறந்ததிலிருந்து அப்பா வாயில் அந்தச் சொல்லை அவன் கேட்டதே இல்லை. பாவம், அந்தச் சொல்லில் மயங்கிவிட்டான். அத்தை மகன் வினோஜனுக்கு மட்டும் விசயம் தெரியும். வாயே திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தான்.

மைக்கைப் பிடித்த அப்பா மகனைப் புகழ்ந்ததோடு விட்டாரா? முன்வரிசையில் இருந்த வினோஜனைக் காட்டி, “நீயும் இருக்கிறாய், அவுஸ்பில்டுங் தொழிற்படிப்பையும் பாதியில விட்டிட்டு. இவனைப் பாத்துப் பழகு!” என்றார். மண்டபம் சிரித்தது.

வினோஜன் எழுந்தான். மிதுஷன் கண்ணாலேயே கெஞ்சினான்.

“மாமா, இவன் பந்து எறியிறவன். அந்தப் பதினாலும் இவன்ர பந்துக்கு மற்றவை அடிச்சது. லீக்கிலேயே ஆகக்கூட அடி வாங்கினது உங்கட மகன்தான்.”

“உண்மையோடா?” என்றார் அப்பா. மைக் இன்னும் அவர் வாயருகில்தான் இருந்தது.

“ஓம் அப்பா.”

இந்த முறை மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. முப்பத்தொரு பேரை அவன் அவுட்டாக்கியும் இருந்தான். அதை யார் கேட்டார்கள்?

“ஒவ்வொருத்தரா வந்து கேக் தீத்துங்கோ!” என்றார் கமெராவோடு நின்ற படக்காரர். என்ன நடந்தாலும் வழக்கம் வழக்கம்தானே. வரிசை கட்டினார்கள். “இது முதலாவது சிக்ஸர்” என்று ஒரு மாமி ஊட்டினாள். “இந்தா ரெண்டாவது” என்று அடுத்தவர். எண்ணி எண்ணி ஊட்டினார்கள். அம்மா சந்திரகாந்திகூடச் சிரிப்பை அடக்க முடியாமல்தான் ஊட்டினாள்.

கடைசியாக அப்பா வந்தார். அவன் முகம் இருந்த இடத்திலேயே கத்தியை இறக்கி, பெரிய துண்டாக எடுத்தார். கமெராவைப் பார்த்துச் சிரித்தபடி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“தின். என்ர பெடியனெண்டு இனி ஆருக்கும் சொல்ல மாட்டன்.”

படக்காரர் சிரிக்கச் சொன்னார். மிதுஷன் சிரித்தபடி வாயைத் திறந்தான்.