அரை மணி நேரத்து மாப்பிள்ளை

அத்தை கண்ணாடிக் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும், கண் பரிசோதிக்கிறவள் உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள். போன வாரம் ஏதோ ஒரு மாப்பிள்ளையின் போட்டோவை அனுப்பிவிட்டு அத்தை போனில் உயிரை எடுத்தபோது, தப்பிக்க வழி தெரியாமல், "எங்க கடையில லென்ஸ் மாட்டுறாரே, அவரும் நானும் விரும்புறோம்" என்று அளந்துவிட்டாள். வாயில் வந்தது அவர்தான். குட்டு உடைந்தால் அடுத்த மாதமே அந்தப் போட்டோக்காரனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

அத்தை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவரை நடிக்க வேண்டும் என்று கேட்டபோது லென்ஸ்காரர் மறுப்பே சொல்லவில்லை. "அரை மணி நேரந்தானே மேடம்" என்றார். அவளுக்குப் பிடித்த நிறம், முதன்முதலில் மனம்விட்டுப் பேசிய இடம் என்று அவள் எழுதிக் கொடுத்த புளுகையெல்லாம் இரண்டு நாளாக மனப்பாடம் செய்தார். ஒரு மாதம் கழித்துச் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்பது ஏற்பாடு.

அத்தை உட்காரவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவளப் பத்தி உங்களுக்கு என்னதான் தம்பி தெரியும்?"

அவர் திருதிருவென்று விழித்தார். படித்ததெல்லாம் பறந்துவிட்டது. போச்சுடா, எல்லாம் போச்சு என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எடது காது, வலது காத விட ரெண்டு மில்லிமீட்டர் எறக்கம்மா" என்றார் அவர்.

அத்தை அவளுடைய காதுகளை மாறி மாறிப் பார்த்தாள். தூக்கி வளர்த்தவளுக்கே தெரியாத சங்கதி.

"அதனால கண்ணாடி ஒரு பக்கமா சரிஞ்சிரும். முகம் கழுவப் போறப்ப கழட்டி மேஜைல வெச்சிட்டுப் போவாங்க. மாசம் ஒருதடவ நான் எடுத்து, கம்பிய லேசா வளச்சு வெச்சிருவேன். மூணு வருஷமா. அவங்களுக்குத் தெரியாது."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆடாது அசையாது என்று அந்த ஃபிரேமின் பெருமையை வாய் ஓயாமல் பேசி, அதையே நாற்பது பேர் தலையில் கட்டியிருக்கிறாள்!

"அடுத்த மாசமே கல்யாணத்த வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அத்தை கிளம்பிப் போனாள்.

லென்ஸ்காரர் ஒரு லென்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"அப்ப சண்டைய சீக்கிரமே போட்டாகணும் மேடம்."

"எதுக்குன்னு போடுறது?"

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "உங்க மேல சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் தோணலயே."

"எனக்கும்தான்" என்றாள். சொல்லிவிட்டுத் தன் கண்ணாடிக் கம்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவர் துடைத்த லென்ஸையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அத்தை வருவதற்கு முன்னால் கண் பார்க்கும் மிஷினில் தாடையை வைக்கச் சொல்லி அவள் விட்டுவிட்டு வந்த பெரியவர்.

"அம்மா, நான் தாடைய எடுத்துக்கலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் அசையாம இருங்க" என்றாள் அவள், லென்ஸ்காரரைப் பார்த்தபடியே.

பெரியவரும் அசையவில்லை, லென்ஸ்காரரும் அசையவில்லை.