கடலுக்குக் காணிக்கை

இழுவைப் படகுகள் எங்கள் வலையை அறுத்து இரண்டு மாதமாகிறது. என் கணவர் எமில்ராஜ் குருநகரில் கடற்றொழில் செய்பவர். புது வலை கேட்டு மூன்று தரம் மனுக் கொடுத்தார். அதிகாரி நேரில் வந்து சேதத்தைப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். அதுவரை அறுந்த இடத்தைத் தைத்துப் பொத்தக்கூடாதாம். வலை முற்றத்து வேப்பமரத்தில் தொங்கியது. எமில்ராஜ் மற்றவர்களின் படகில் கூலிக்குப் போனார். அதிகாரி மட்டும் வரவில்லை.

வந்தது தனோஜன். கொழும்பிலிருந்து ஊர் ஊராகப் போய் வீடியோ போடுகிற தம்பி. இலட்சக்கணக்கான பேர் பார்ப்பார்களாம். அதிகாரியும் பார்ப்பார் என்று எமில்ராஜ் நம்பினார்.

"சேட்டைக் கழட்டுங்க அண்ணா," என்றார் தனோஜன். எமில்ராஜ் சட்டையைக் கழற்றினார். எங்கள் படகின் எஞ்சினை அவரோடு வந்தவர்கள் பாயால் மூடினார்கள். நான் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன் என்றேன், அது வேண்டாமாம். எமில்ராஜ் வலையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் இழுவைப் படகைப் பற்றியே கதைத்தார்.

வீடியோவில் அவருடைய வாய் அசைந்தது, புல்லாங்குழலும் தனோஜனின் குரலும்தான் கேட்டன. வெளியுலகம் அறியாத கடலின் பிள்ளைகளாம் நாங்கள். எங்கள் வலையை நாங்களே அறுத்து மரத்தில் கட்டிக் கடலுக்குக் காணிக்கை கொடுக்கிறோமாம். குருத்து ஞாயிறன்று கோயிலில் ஆசீர்வதித்துத் தந்த ஓலையை வலையில் கட்டியிருந்தோம். அது பேய் விரட்டுகிற ஓலையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கோயில் பங்குச் சுவாமி மட்டும் இரண்டு தரம் பார்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு வான் வண்டிகளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வலையைத் தொட்டுக் கும்பிட்டார்கள், படமெடுத்தார்கள், போனார்கள்.

நேற்று அந்த அதிகாரியே மனைவியோடு வந்து இறங்கினார். எமில்ராஜ் அவசரமாகச் சேட்டைப் போட்டுக்கொண்டு மனுவின் பிரதியோடு ஓடினார்.

"ஐயா, உதுதான் அந்த வலை. இழுவைப் படகு அறுத்தது."

அதிகாரி சிரித்தார். "சும்மா கதை விடாதையும். நீங்களே அறுத்துக் கட்டுறதை நான் வீடியோவிலை பாத்தனான்."

எமில்ராஜ் மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்ரெல்லா, ஊசியையும் நூலையும் கொண்டுவாரும்."

கொண்டுவந்து கொடுத்தேன். மரத்தடியில் குந்தி, பெரிய ஓட்டையிலிருந்து பொத்தத் தொடங்கினார்.

அதிகாரியின் மனைவி பதறிப்போய் ஓடிவந்தார்.

"ஐயோ, பொத்தாதேங்கோ! நாங்கள் இன்னும் படம் எடுக்கேல்லை."