எண்ணெய் மிஞ்சினால்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அருளம்பலத்தாரை ஒருவருக்கும் பிடிக்காது. ஆனாலும் வாரப் பத்திரிகையில் அவர் எழுதும் சினிமா விமர்சனத்தை வாசிக்காமல் விடமாட்டார்கள். ஏச்சு அவ்வளவு ருசி. கடல் கடந்து வருகிற படமெல்லாம் குப்பை என்பது அவர் தீர்ப்பு. சண்டையில் மின்சாரம் போய் வருடக்கணக்காகியும், மண்ணெண்ணெய்க்கு நாயாய் அலைந்து அந்தக் குப்பையையே பார்க்கிற சனம் எப்படி உருப்படும்? ஏசுவதற்காகவேனும் ஒரு படத்தையும் விடாமல் பார்ப்பவரும் அவர்தான்.

கனடாவில் நடந்த மகள் வதனியின் கலியாணக் கசெட் ஒருவழியாக வந்து சேர்ந்தது. மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் காணக் கொடுத்துவைக்காத தாய் பத்மாசினி, அதைப் பார்க்கவென்றே டிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்குப் பிடித்தாள். குருநகர் சிமியோன் எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தான். கூடவே ஒரு புதுப்படமும் வந்தது.

"முதல்லை பிள்ளையைப் பாப்பம், இஞ்சேருங்கோ."

"கலியாணம் எங்கை ஓடப்போகுது? நாளைக்கு நான் விமர்சனம் குடுக்கவேணும். முதல்லை படம்."

வெளிச்சம் வெளியே தெரியாதபடி யன்னல்களுக்குப் போர்வை கட்டிப் படம் ஓடியது. அவர் வாய் ஓயவில்லை. வயலில் இறங்கிய கதாநாயகனின் காலில் சேறு ஒட்டவில்லை. ஏழை வீட்டில் சோறு காய்ச்சுகிற குசினியில் பத்துப் பேர் நின்று ஆடலாம். மகளைத் தாரைவார்த்துக் கொடுத்த தகப்பன் தூணைப் பிடித்து அழுதபோது, பார்க்க வந்திருந்த அயல்சனம் மூக்கைச் சிந்தியது. அருளம்பலத்தாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்தத் தேப்பன் உப்பிடி அழுவான்? கிளிசரின் போத்தலைக் கவிட்டு ஊத்தியிருக்கினம். உதுக்கு நீங்களும் ஒப்பாரி!"

பத்மாசினி மடியில் இருந்த கலியாணக் கசெட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகக் கலியாணம் ஓடத் தொடங்கியது. வதனி மணவறைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். முன்பின் தெரியாத ஒரு மனிதர் தகப்பன் இடத்தில் நின்று அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். அருளம்பலத்தார் கதிரையை முன்னுக்கு இழுத்தார். ஐயர் தாலியை எடுத்தார். ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. எண்ணெய் முடிந்துவிட்டது.

"குப்பையை ஏச எண்ணெய் இருந்தது. என்ரை பிள்ளையைப் பாக்க இல்லை," என்றாள் பத்மாசினி. எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சிமியோன் தலையைச் சொறிந்தான். "அண்ணை, கரண்ட் இல்லாமல் கசெட் வெளியிலை வராது. அடுத்ததா வாடகைக்குப் பிடிச்ச வீட்டிலை போட்டுத்தான் எடுக்கவேணும். பின்னாலை வாங்கோ."

மகள் டெக்குக்குள் இருக்க, சைக்கிள் வாசல் படலையைத் தாண்டியது. அருளம்பலத்தார் செருப்பும் போடாமல் பின்னால் நடந்தார்.

அடுத்த வீடு நல்லம்மாவுடையது. அவளுடைய எண்ணெயில் ஜெனரேற்றர் உயிர்பெற்றதும் சிமியோன் கசெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"தங்கச்சி, தாலி கட்டிற இடம் மட்டும்... ஒரு நிமிசம்."

"சனம் காத்துக்கொண்டிருக்குது, ஐயா. முதல்லை படம். எண்ணெய் மிஞ்சினால் பாப்பம்."

"ஓம்," என்று அவர் சனத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார்.

அதே படம். சேறு ஒட்டாத கதாநாயகன் வந்தான். பெரிய குசினி வந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. தகப்பன் தூணைப் பிடித்துச் சிறிது நேரத்தில் நல்லம்மா எரிச்சலோடு திரும்பினாள்.

"ஐயா, கொஞ்சம் மெதுவா அழுங்கோ. படம் கேக்கேல்லை."